மாமனார் மிதித்த பிரேக்

நம் ஊரில் யார் கார் வாங்கினாலும் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. 'என்ன மைலேஜ் கொடுக்குது?' 'மொத்தமா எவ்வளவு ஆச்சு?' 'ஏன், வெள்ளைக் கலர் கிடைக்கலையா?'

நாலாவதாக, 'பிரேக் எப்படி?' என்று யாராவது கேட்டு நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. ஓடுவதற்குக் கொடுக்கிற மரியாதையை நிற்பதற்கு நாம் கொடுப்பதில்லை. கல்யாண மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள். கோபம் வந்தால் நிறுத்தத் தெரியுமா என்று விசாரிக்க மாட்டார்கள். அந்த மாதிரி.

அப்படிப்பட்ட பிரேக்கை அக்கக்காகப் பிரித்து, கழுவி, துடைத்து, மறுபடி கோத்து, அதே காரில் மாமனாரை உட்காரவைத்துத் திண்டிவனம் வரை கூட்டிக்கொண்டு போன கதையைத்தான் சொல்லப் போகிறேன். 'மெக்கானிக் சமாசாரம் நமக்கெதுக்கு' என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். (நிற்பது பற்றிய கட்டுரைதானே இது!) நீங்கள் ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ குடும்பத்தோடு போய்விட்டு இறங்கி வருகிறவராக இருந்தால், இதெல்லாம் உங்கள் சமாசாரமும்தான்.

முதலில் என்னைப் பற்றி. கிண்டிப் பக்கம் ஆபீஸ். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக எண்களை நிரப்புகிற உத்தியோகம். வைத்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, எட்டு வயசான, சின்ன பெட்ரோல் கார். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும். சாயங்காலம் காய்கறி ஏற்றி வரும். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் அதற்கு வேறு அவதாரம் உண்டு. அன்றைக்கு அது இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும்.

இருங்காட்டுக்கோட்டை தெரியாதவர்களுக்கு: சென்னையிலிருந்து பெங்களூர் போகிற வழியில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது. 1990-ல் திறந்த பந்தயச் சாலை. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்னால் சென்னைக்காரர்கள் பந்தயம் பார்க்கச் சோழவரம்தான் போவார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. போர் விமானத்துக்காகப் போட்ட ரோட்டில் ரேஸ் கார் ஓட்டினார்கள். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் இல்லாத சில நாட்களில், நம்மைப் போன்ற சாமானியர்களும் கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்வதுண்டு. பரிசு கிடையாது. கைதட்டல் கிடையாது. முக்கியமாக, குறுக்கே ஆட்டோ கிடையாது. அதற்காகவே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

போவதற்கு முன்னால் பிரேக் ஆயிலைப் புதுசாக மாற்றினேன். பேட்களின் கனம் பார்த்தேன். டயரில் காற்று பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்த பிறகும், சொல்லிக்கொடுத்தபடி, கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாத குறையாக மெதுவாக ஓட்டி ஆறவைத்தேன். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். ஆக, விதிப்படி எல்லாம் நடந்தது.

ஆனால் விதிகளைப் படிக்காத ஒன்று காரில் இருந்தது. எட்டு வயசு ரப்பர்!

அந்த ரப்பருக்கு என்ன ஆனது என்று புரிய, கொஞ்சம் கணக்கு போட வேண்டும். பயப்படாதீர்கள், காபிக் கணக்குதான்.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே வளைவு. 60-க்குக் குறைக்க வேண்டும். வேகம் பாதியானால், காருக்குள் இருக்கிற இயக்கச் சக்தி பாதியாவதில்லை, கால் பங்காகிறது. மீதி முக்கால் பங்கும் எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் இன்ஜினிலும் கழியும். பெரும்பகுதி, பிரேக்கில் சூடாக மாறுகிறது. அந்த முக்கால் பங்கு சுமார் 416 கிலோ ஜூல். அதாவது, கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைக்கிற சூடு. மூன்று செகண்டில்! வீட்டு கேஸ் அடுப்பு பல நிமிஷம் திணறுகிற வேலை இது.

சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு பெரிய வளைவிலும் பத்துப் பேருக்குக் காபி போடுகிறோம். ஒரு சுற்றில் இப்படிப் பல வளைவுகள். ஒரு ஆட்டத்தில் பல சுற்றுகள். கல்யாண மண்டபத்துக்கே காபி சப்ளை செய்யலாம்.

அந்தச் சூட்டில் சக்கரத்துக்குள் இருக்கிற இரும்புத் தட்டு, அதாவது டிஸ்க், சில நூறு டிகிரிக்குப் போய்விடும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் காலிப்பர். இடுக்கி மாதிரி ஒரு வார்ப்பிரும்புச் சாமான். நீங்கள் பெடலை மிதித்தால், பிரேக் ஆயில் குழாய் வழியாக வந்து காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்க பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். அதே அழுத்தத்தில் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்தும். ஒரு பிஸ்டனை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அமுக்குகிற சிக்கன ஏற்பாடு. சின்னக் கார்களில் பெரும்பாலும் இதுதான்.

சரி, காலை எடுத்தால் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது யார்? ஸ்பிரிங் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை சார். ஒரு ரப்பர் வளையம்! பிஸ்டனைச் சுற்றி, குறுக்கே வெட்டினால் சதுரமாகத் தெரிகிற ஒரு சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னால் போகும்போது அந்த ரப்பர் அதோடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கால் எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்போது, பிஸ்டனையும் மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். அந்த மயிரிழைதான் எல்லாம். சட்டைக் கை பிடித்து 'போதும், வா' என்று இழுக்கிற மனைவி மாதிரி, அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறது.

வேகவைத்து வேகவைத்து அந்த ரப்பர் இறுகிப்போனால், இழுக்க ஆள் இல்லை. பிஸ்டன் முன்னால் போன இடத்திலேயே நின்றுவிடும். பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு, சூட்டால் ரப்பர் மேலும் இறுகும். கந்துவட்டி மாதிரி ஒரு சுழல்.

என் காரில் நடந்தது இதுதான். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த மறுநாள், ஆபீஸ் போகும்போது ஸ்டீயரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. இறங்கி, சக்கரங்களுக்குப் பக்கத்தில் (தொடாமல்!) கையைக் காட்டிப் பார்த்தேன். வலது முன் சக்கரம் சாதாரணம். இடது முன் சக்கரம் தோசைக்கல். வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுழற்றினால், வலது சக்கரம் ராட்டினம் போலச் சுற்றியது. இடது சக்கரம் அரை சுற்றில் அலுத்துக்கொண்டு நின்றது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டனுக்கு மேல் மாட்டியிருக்கிற டஸ்ட் கவர், கருகிய அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் வெடித்திருந்தது. உள்பக்க பேட், வெளிப்பக்க பேடைவிடப் பாதிதான் இருந்தது.

ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "ரெண்டு காலிப்பரையும் புதுசா மாத்திடலாம் சார், ரிப்பேர் எல்லாம் நாங்க பண்றதில்லை" என்றார்கள். விலை, என் ஒரு மாசக் கார் தவணையை நெருங்கியது. அதே காலிப்பருக்கு சீல், டஸ்ட் கவர் எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் பொட்டலமாக ரிப்பேர் கிட் கிடைக்கிறது. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். விலை, குடும்பத்தோடு ஒரு வேளை பிரியாணி.

வீட்டில் விஷயம் வெளியானது. சிக்கலும் ஆரம்பமானது.

"ஞாயித்துக்கிழமை திண்டிவனத்துல தம்பி குழந்தைக்குக் காதுகுத்து. அப்பா நம்ம கார்லதான் வரார்" என்றாள் மனைவி. "அதுக்குள்ள பிரேக்கைப் பிரிக்கப் போறீங்களா?"

"பிரிச்சாத்தான் திண்டிவனம் போக முடியும்."

"அப்பா என்ன சொல்வாரோ..."

அதுதான் எனக்கும் கவலை. என் மாமனார் அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை, டீ குடிக்கிற மாதிரி ஏறி இறங்கியவர். மற்றவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால், அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். என் கல்யாணத்துக்குச் சம்மதித்தபோதுகூட, அந்தக் கால் கொஞ்சம் மிதித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை, எங்கள் பேட்டை மெக்கானிக் அண்ணனை வீட்டுக்கே கூப்பிட்டேன். அனுபவஸ்தர். 'பிரேக்கைத் தனியாகத் தொடாதே' என்பது என் கொள்கை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தோம். இடது பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்வது என்று முடிவு. ஒரு பக்கம் புது ரப்பர், ஒரு பக்கம் பழைய ரப்பர் என்றால், கார் எந்தப் பக்கம் போவது என்று பட்டிமன்றம் நடத்தும்.

காலிப்பரைக் கழற்றியதும் குழாயில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டினோம். அந்த ரப்பர்க் குழாய் எடை தாங்குவதற்காகச் செய்ததல்ல. பிஸ்டனை வெளியே எடுக்க அண்ணன் கம்ப்ரெஸர் காற்று அடிக்கலாம் என்றார். காற்று அடித்தால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். நடுவில் விரல் இருந்தால் விரல் இருக்காது. குழாயைக் கழற்றும் முன்பே, எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, பெடலை மெள்ள மெள்ள மிதித்தோம். பிஸ்டன் நல்ல பிள்ளையாகத் தானே வெளியே வந்தது.

அடுத்தது பழைய சீல். காலிப்பருக்குள் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும். கீறல் வழியாக ஆயில் கசியும். குச்சி ஐஸ் குச்சியைக் கூராகச் சீவி நெம்பினேன். மகள், "இன்னும் குச்சி வேணுமாப்பா?" என்று ஐஸுக்கு வழி தேடினாள். மொத்தம் மூன்று குச்சி தேவைப்பட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது.

அப்போதுதான் அண்ணன் ஒரு தகர டப்பாவை எடுத்தார்.

"பெட்ரோல்ல ஒரு அலசு அலசிட்டா பளபளன்னு ஆயிடும் தம்பி."

"வேணாண்ணே. பெட்ரோல் படக்கூடாது."

"இருபது வருஷமா இப்படித்தான் கழுவுறேன்."

இருபது வருஷ அனுபவத்தோடு எப்படி வாதாடுவது? நான் வாதாடவில்லை. பழைய சீல் இரண்டு கையில் இருந்தது. இரண்டு சின்னப் பாட்டில் மூடிகளை எடுத்தேன். ஒன்றில் பெட்ரோல், ஒன்றில் புது பிரேக் ஆயில். ஆளுக்கு ஒரு சீலாகப் போட்டு, பால்கனி மூலையில் வைத்தேன். "சாயங்காலம் பார்ப்போம்ணே" என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

அதுவரை ஸ்பிரிட்டும், பஞ்சு விடாத துணியுமாகக் கழுவினோம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று கேட்டால் கடையில் தருவார்கள். பள்ளத்தில் படிந்திருந்த துருவையும் கசடையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், இடது பக்க பிஸ்டனில், சரியாக சீல் உரசும் இடத்தில், கடுகு அளவு துருப் பள்ளம்.

"எமரி பேப்பர் போட்டு ஒரு தேய் தேய்ச்சா தெரியாது" என்றார் அண்ணன்.

தெரியாதுதான். ஆனால் அந்தப் பளபளப்பு, இரும்பின் மேல் போட்ட குரோமிய முலாம். தேய்த்தால் துருவோடு முலாமும் போகும். அடுத்த மழைக்குள் பெரிய பள்ளமாகும். சீல் நிற்பது காலிப்பரின் பள்ளத்தில்; அதன்மேல் முன்னும் பின்னும் வழுக்குவது பிஸ்டன். எனவே பிஸ்டன் முகம் கண்ணாடி மாதிரி இருந்தாக வேண்டும். மறுபடி ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. புது பிஸ்டன். இன்னொரு பிரியாணி போனது.

திரும்பி வரும்போது மணி நான்கு. அண்ணன் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு சீல். பிரேக் ஆயிலில் கிடந்தது, போட்ட மாதிரியே இருந்தது. பெட்ரோலில் கிடந்தது, ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, பெரிசாகித் தளதளவென்று ஆகியிருந்தது. காலிப்பருக்குள் அது உப்பினால் பிஸ்டனை எப்படி நகரவிடும்?

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயில் பட்டாலும் இப்படியா?"

"இன்ஜின் ஆயில், கிரீஸ், டீசல், எது பட்டாலும்."

"பின்ன இதுவும் ஆயில்தானே தம்பி? பிரேக் ஆயில்?"

அங்கேதான் சூட்சுமம். நாம் எல்லோரும் 'பிரேக் ஆயில்' என்கிறோமே, அது எண்ணெயே இல்லை! கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு ரசாயனத் திரவம். பெட்ரோலியத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரேக்கில் போடுகிற ரப்பர் அந்தத் திரவத்தோடு வாழ்வதற்கென்றே செய்தது. பெட்ரோலியம் பட்டால் உப்பிச் செத்துப்போகும். யாரோ ஒரு புண்ணியவான் 'ஆயில்' என்று பேர் வைத்தார்; 'ஆயில்தானே' என்று எத்தனை பேர் எத்தனை வண்டியில் எதை எதை ஊற்றினார்களோ!

அந்தத் திரவத்துக்கு இன்னொரு குணம். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்று டப்பாவில் போட்டிருந்தால், புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், தாங்க வேண்டிய வரம்பு 155 ஆக இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும். பெடல் ஸ்பாஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் பாட்டுக்கு முன்னால் போகும். மலையிலிருந்து இறங்கும்போது சிலருக்குத் திடீரென்று பிரேக் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சென்னையின் ஈரக் காற்றில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும். ஈரம் மீட்டர் பார்த்து ஏறுவதில்லை.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. உப்பிய சீலை ஒரு காகிதத்தில் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "பசங்களுக்குக் காட்டணும்" என்றார். கடையில் அவரிடம் இரண்டு பையன்கள் தொழில் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அன்றைய செலவெல்லாம் அந்த ஒரு வார்த்தையிலேயே வரவாகிவிட்டது.

கோப்பது சுலபம். புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பள்ளத்தில் உட்காரவைத்து, விரலால் சுற்றித் தடவி, முறுக்கு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிஸ்டனையும் நனைத்து, நேராக, கையால் அழுத்தினால் 'க்ளுக்' என்று உள்ளே போகும். போகவில்லையென்றால் சாய்ந்திருக்கிறது, சுத்தியலைத் தேடக்கூடாது. வழுக்கும் பின்களுக்கு, சூடு தாங்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும். குழாய் சேருமிடத்தில் செம்பு வாஷர் இரண்டும் புதுசு. பழசு ஒரு தடவை நசுங்கியது, மறுபடி நசுங்கி அடைக்காது. போல்ட்டுகளை 'போதும்'கிற கணக்கில் முறுக்காமல், டார்க் ரெஞ்ச் வைத்துப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்கினோம். பேடும் புதுசு.

மிச்சமிருந்தது 'ஏர் எடுப்பது'. குழாயைக் கழற்றியதால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்குள் அண்ணனுக்குக் கடையிலிருந்து அவசர போன். "அரை மணியில வரேன்" என்று போனார். (அரை மணி என்பது மெக்கானிக் பாஷையில் ஒரு கவிதை.) பெடல் மிதிக்க மனைவியைக் கூப்பிட்டேன். முன்னால், டாங்கியில் பிரேக் ஆயில் குறையாமல் பார்த்துச் சொல்லும் வேலை மகளுக்கு. தொடக்கூடாது, பார்க்க மட்டும்; அது பட்டால் கார் பெயின்ட்டே உரியும், பிஞ்சுக் கை என்னாவது!

நான் சக்கரத்தடியில். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய குளுக்கோஸ் டியூப் ஒன்றை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை, கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கியிருந்தேன். வரிசை இதுதான்: அவள் மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் நிப்பிளைத் திறப்பேன். பெடல் உள்ளே போகும். நான் மூடிய பிறகுதான் அவள் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால், விட்ட காற்றை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"பிடிச்சுக்கோ... விடாதே... விடாதே... இப்ப விடு!"

"மிதி! அழுத்தி மிதி! விடாதே!"

இருபது தடவை இப்படிப் போனதும், மாடி வீட்டு மாமி கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "என்னம்மா, அங்க ஏதாவது பிரச்னையா?" என்றார். மனைவி ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னாள்: "ஒண்ணுமில்ல மாமி. அவர் கீழே கிடக்கார், நான் மிதிச்சுக்கிட்டிருக்கேன்."

டியூபில் முதலில் குமிழி குமிழியாக வந்தது. பிறகு ஒன்றிரண்டு. பிறகு வெறும் தேன் நிறம். "அப்பா, கோட்டுக்கு வந்துடுச்சு!" என்று மகள் கத்தும்போதெல்லாம் எழுந்து டாங்கியை நிரப்பினேன். டாங்கி காலியானால் அங்கிருந்தே காற்று இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் மனைவி, "ஏங்க, இப்ப கல்லு மாதிரி இருக்கு" என்றாள். அந்த வார்த்தைக்குத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

அண்ணன் ராத்திரி எட்டு மணிக்கு வந்து ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். சக்கரங்களுக்கடியில் பழைய பேப்பரை விரித்துவிட்டுப் படுத்தேன். காலை நாலரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ஐந்து மணிக்கு, காலியான ரோட்டில், 60 வேகத்திலிருந்து 15 வரை குறைப்பதும், கொஞ்சம் ஆறவிடுவதுமாகப் பத்துத் தடவை. முழுசாக நிறுத்தாமல் இப்படிச் செய்தால், புது பேட் டிஸ்க்கோடு படிந்து பழகும். ஸ்டீயரிங் நேராக இருந்தது. திரும்பி வந்து கையைக் காட்டினால், இரண்டு சக்கரமும் ஒரே சூடு.

ஆறரைக்கு மாமனார் வந்தார். பையைக்கூட வைக்கவில்லை.

"மாப்ள, பிரேக்கைப் பிரிச்சீங்களாமே? பொண்ணு சொல்லிச்சு."

"ஆமாங்க மாமா."

"சாவி குடுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் பெடலை ஐந்து தடவை மிதித்தார். ஆறாவது தடவை மிதித்தபடியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினார். இன்ஜின் உயிர் வந்ததும் பெடல் லேசாக ஒரு விரல் கீழே இறங்கியது. 'பூஸ்டர் வேலை செய்யுது' என்று தலையாட்டினார். பிறகு முழு பலத்தோடு மிதித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். பெடல் நகரவில்லை. எங்காவது கசிந்தால் அது மெள்ள மெள்ள அமிழ்ந்திருக்கும். அந்த ஒரு நிமிஷம் நான் மூச்சு விட்ட ஞாபகம் இல்லை.

இறங்கி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லி, டார்ச் அடித்து, ரப்பர்க் குழாய் எங்கேயும் முறுக்கவில்லை, உரசவில்லை என்று பார்த்தார். நிப்பிள் மூடி இருக்கிறதா என்று விரலால் தடவினார்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மலையில இறங்கறப்ப எந்த கியர்ல ஏறினமோ அந்த கியர்லதான் இறங்கணும். பிரேக்கை நம்பலாம், ஆனா அதையே நம்பிட்டு இருக்கக்கூடாது" என்றார். பாராட்டா, எச்சரிக்கையா? தெரியவில்லை. முன் சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார்.

தாம்பரம் தாண்டும் வரை நான் ரோட்டையும், ஓரக்கண்ணால் அவருடைய வலது காலையும் பார்த்தபடி ஓட்டினேன். பெருங்களத்தூரில் ஒரு பஸ் சட்டென்று நின்றது. நானும் மிதித்தேன். கார் நேராக, அலட்டாமல் நின்றது. மாமனாரின் கால் அசையவில்லை. கூடுவாஞ்சேரி தாண்டியதும் மனைவி பின்சீட்டிலிருந்து என் தோளைத் தொட்டாள். கண்ணால் காட்டினாள்.

மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார்! வாய் லேசாகத் திறந்து, தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் கண் இமைக்காத மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் ஆபீஸில் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு சர்ட்டிபிகேட் யாரும் தந்ததில்லை.

பரனூர் டோல்கேட்டில் நிறுத்தியபோது கண் விழித்தார். சுற்றிலும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கறையாக என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"ஆமா மாப்ள, வண்டி என்ன மைலேஜ் கொடுக்குது?"